இடது காதில் சொன்ன பாவம்

எங்கள் பங்குக் கோவிலில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கென்று இருந்த பாவசங்கீர்த்தனத் தொட்டியை இந்தத் தவக்காலத்துக்கு முன்பு கழற்றிவிட்டார்கள். நல்ல தேக்கு. நடுவில் சாமியார் உட்கார ஓர் இருக்கை, இரண்டு பக்கமும் முழந்தாளிட ஒவ்வொரு பலகை, காதுக்கு நேராகத் துளை போட்ட தகடு. இப்போது அதற்குள் ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அது இருந்த இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் எதிரெதிராகக் கிடக்கின்றன. முகத்துக்கு முகம் பேசுவதுதான் இன்றைய முறை என்று புதிய சாமி விளக்கினார். எங்கள் ஊரில் கடன் கேட்கவே முகத்துக்கு முகம் பேச மாட்டார்களே என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டேன். ஓய்வு பெற்றவன் வாயைத் திறந்தால் அதற்கு ஆலோசனை என்று பெயரில்லை, வயிற்றெரிச்சல் என்று பெயர்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கும் பிள்ளைகள் நான்கைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். எல்லோரும் பொறியியல் படித்தவர்கள். "ஐயா, ஒப்புரவு அருட்சாதனத்துக்கு நோட்ஸ் வேணும்," என்றார்கள். பாவசங்கீர்த்தனம் என்ற பெயர் மாறி வெகுகாலம் ஆகிவிட்டது. நோட்ஸ் என்னிடம் இல்லை. இஞ்ஞாசியின் கதை இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் நடந்ததை எழுதலாமா என்று யாரும் பதற வேண்டாம். ரகசியம் சாமியாரைக் கட்டும், தற்செயலாகக் கேட்க நேர்ந்தவனையும் கட்டும். பாவம் செய்தவனைக் கட்டாது. இஞ்ஞாசி இந்தக் கதையை டீக்கடை முதல் கொள்முதல் நிலையம் வரை எல்லோரிடமும் சொல்லி, கேட்டவர்கள் எழுந்து ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நான் உபதேசியாராக வேலை பார்த்தவன். சாமியாருக்குக் கீழே, கோவில்பிள்ளைக்கு மேலே, சரியாக இன்ன இடம் என்று யாரும் சொல்லாத பதவி. தமிழ் இலக்கியத்தில் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடி அலைந்தபோது பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள், போனேன். அங்கே விவிலியம், வழிபாடு, கொஞ்சம் திருச்சபைச் சட்டம் சொல்லிக் கொடுத்தார்கள். மற்றதையெல்லாம் ஊர் கற்றுக் கொடுத்தது. சாகக் கிடப்பவர் வீட்டுக்குச் சாமியாரை அழைத்துப் போகும் முன் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் பாடுபட்ட சுரூபமும் இரண்டு மெழுகுதிரியும் வைத்து, கிண்ணத்தில் தண்ணீரும் பஞ்சும் எடுத்து வைக்க வேண்டும். முக்கியமாகத் தொலைக்காட்சியை நிறுத்த வேண்டும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசித்து அறிவிக்க வேண்டும். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. ஆகவே சம்பா அறுவடை முடிவதற்கும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கும் நடுவில் உள்ள சின்ன இடைவெளியில் எங்கள் பங்கின் கல்யாணங்கள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு வரும்.

பாவசங்கீர்த்தனத்துக்கும் முறை உண்டு. வரிசையைத் தொட்டியிலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும். உள்ளே இருப்பவர் குரல் உயர்ந்தால் நான் சத்தமாகச் செபமாலை தொடங்க வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் பதில் சொல்வார்கள், அந்த இரைச்சலில் பாவம் அமுங்கிப்போகும். ராயப்பன் சாமி இருந்த காலத்தில் நான் தொண்டை கிழியச் செபமாலை சொன்னேன். அவருக்கு இடது காது கேட்காது.

ராயப்பன் சாமி பெரிய உடம்புக்காரர், பொடி போடுவார், யாரையும் கடிந்து பேச மாட்டார். காது கேட்காததை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. அதைவிட, ஒருவன் வெட்கத்தை விட்டுச் சொன்ன பாவத்தை 'என்ன, இன்னொரு தடவை சொல்லு' என்று கேட்பது அவருக்குப் பாவமாகவே பட்டது. காதில் விழுந்த இரண்டொரு சொல்லை வைத்து மீதியை ஊகித்துப் புத்தி சொல்வார். இது பங்கு முழுவதும் தெரிந்த விஷயம். எனவே கோழி திருடியவர்கள் சாமியின் வலப்பக்கம் முழந்தாளிட்டார்கள். அதற்கு மேல் போனவர்கள் இடப்பக்க வரிசையில் நின்றார்கள். இடப்பக்க வரிசை எப்போதும் நீளமாக இருந்தது.

இது தெரியாத ஒரே ஆள் இஞ்ஞாசி. அவர் ஈஸ்டருக்கு முன் செய்தே தீர வேண்டிய பாஸ்கா கடனுக்காக, ஆண்டுக்கொரு முறை மட்டும் பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர். எந்தப் பக்கம் கூட்டம் நின்றதோ அந்தப் பக்கம் போய் முழந்தாளிட்டார்.

இஞ்ஞாசிக்கும் அவர் அண்ணன் சூசைக்கும் அடுத்தடுத்த வயல். தண்ணீர் குறைந்த ஒரு வருடம், அண்ணன் தன் வயலுக்கு மேலே வாய்க்காலை அடைத்ததில் தம்பியின் நாற்றங்கால் காய்ந்தது. அந்த ஆண்டுத் திருவிழாவில் சப்பரத்தின் தண்டைப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்க, "நீ செத்தாலும் ஒன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று தம்பி ஆணையிட்டார். சில வருடங்கள் கழித்து சூசை தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து, தம்பியைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை ஆள் அனுப்பினார். இஞ்ஞாசி போகவில்லை. சவ அடக்கத்துக்கும் வரவில்லை. அன்று நான் சிலுவைக்குப் பின்னால் செபம் சொல்லிக்கொண்டு போனவன். சாலையோர வைக்கோற்போருக்குப் பின்னால் ஒரு தலைப்பாகை நின்றதைப் பார்த்தேன்.

அந்தத் தவக்காலத்தில் இஞ்ஞாசி பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தார். அதற்குப் பிறகு அவர் நன்மை, அதாவது பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம், வாங்கவில்லை. ஞாயிறு தவறாமல் வருவார், கடைசித் தூணருகே நிற்பார், பாட்டெல்லாம் சத்தமாகப் பாடுவார். நற்கருணை நேரம் வந்ததும் வெளியே போய், கழற்றிக் கிடக்கும் செருப்புகளுக்குக் காவல் போல நிற்பார். ஊரில் இதற்கு இரண்டு விளக்கம் இருந்தது. பேராவூரணியில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்றது ஒரு கட்சி. அவர் பெந்தெகோஸ்தே சபைக்குப் போகப் போகிறார் என்றது மற்றது. ராயப்பன் சாமி மாற்றலாகிப் போனார், பிறகு இறந்தும் போனார். மூன்று சாமியார்கள் வந்து போனார்கள். செருப்புகள் பத்திரமாக இருந்தன.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின தை மாதம் அவர் மகள் ஸ்டெல்லா என்னிடம் வந்தாள். தாயில்லாத பெண், பள்ளிக்கூட ஆசிரியை. ஒரத்தநாட்டுப் பையனோடு ஓலை வாசித்தாகிவிட்டது. கல்யாணப் பூசையில் மணமக்களும் பெற்றோர்களும் பீடத்துக்கு முன் சேர்ந்து நின்று நன்மை வாங்குவது எங்கள் வழக்கம்.

"சார், எங்க அப்பா அன்னைக்கும் செருப்பு பாத்துக்கிட்டு நிப்பாரா?" என்றாள்.

கையிலிருந்த பதிவேட்டை மூடினேன்.

"எனக்குன்னு பக்கத்துல நிக்க அவரு ஒருத்தருதான் சார். என்ன பண்ணுனாருன்னு எனக்குத் தெரிய வேணாம். வந்து நிக்கச் சொல்லுங்க, போதும்."

அன்று மாலையே போனேன். இஞ்ஞாசி வீட்டு வாசலில் பழைய சாக்குகளுக்குக் கோணி ஊசியால் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்பு பாவசங்கீர்த்தனம் செய்துவிடுமாறு இரு வீட்டாருக்கும் சொல்வது என் கடமை. வழக்கமான குரலில் சொன்னேன்.

"எனக்கு அது இல்லீங்க உபதேசியாரே. கதவு சாத்தியாச்சு."

"யாரு சாத்துனது?"

"சாமிதான். ராயப்பன் சாமி." ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தார். "எல்லாத்தையும் சொன்னேன். அண்ணன் ஆளு அனுப்பியும் போவல, செத்ததுக்கும் போவல, மண்ணு போடலன்னு சொன்னேன். சாமி நல்லா கேட்டுக்கிட்டாரு. 'அண்ணன்கிட்ட போயி சமாதானம் பண்ணிக்கிட்டு வாப்பா, அப்பறம் பாவப் பொறுத்தல் குடுக்குறேன்'னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாமி சொன்னா சொன்னதுதானே. சரிங்க சாமின்னு எந்திரிச்சி வந்துட்டேன். அண்ணன்கிட்ட போவணும்னா எங்க போறது? நானும் செத்துத்தான் போவணும். போயி சமாதானம் பண்ணிட்டுத்தான் பொறுத்தல். பொறுத்தல் இல்லாம நன்மை வாங்கக் கூடாதுல்ல, அதான் காத்துக்கிட்டு இருக்கேன்."

வருத்தத்தோடு சொல்லவில்லை. தாசில்தார் உத்தரவைச் சொல்வது போலச் சொன்னார்.

பகையை வைத்துக்கொண்டு வருகிறவனிடம், 'முதலில் போய்ச் சமாதானம் ஆகு' என்று பொறுத்தலைத் தள்ளிவைக்கச் சாமியாருக்கு அதிகாரம் உண்டு. அது மறுப்பு இல்லை, தாமதம்தான். ராயப்பன் சாமியின் காதில் 'அண்ணன்' விழுந்திருக்கிறது, 'போவல' விழுந்திருக்கிறது. 'செத்த' விழவில்லை. எந்த முறைப்படி பார்த்தாலும் தீர்ப்பு தவறு, எனவே செல்லாது. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகவே இருந்தது. சட்டம் படித்தவனுக்கு ஒரு ஓட்டை கிடைத்தால் வருகிற சந்தோஷம்.

"இஞ்ஞாசி, நீங்க எந்தப் பக்கம் முட்டிபோட்டீங்க?"

"பீடத்தப் பாத்த பக்கம்."

"அது சாமியோட இடது காது. அவருக்கு அந்தக் காது கேக்காது. அண்ணன் செத்தது அவருக்குக் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா அப்பவே பொறுத்தல் குடுத்திருப்பாரு."

அவர் சாக்கிலிருந்து ஊசியை உருவினார். பிறகு, "கேக்கலயா?" என்றார்.

"கேக்கல."

"சாமிக்குக் கேக்கல, சரி. ஆண்டவருக்குக் கேட்டிருக்கும்ல? அவரு ஏன் சும்மா இருந்தாரு?"

பயிற்சியில் படித்ததை மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.

"இங்க பாருங்க உபதேசியாரே. தீர்ப்புத் தப்புன்னு வெளியில விட்டீங்கன்னா, நான் பண்ணது இல்லைன்னு ஆயிடுமா? அண்ணன் வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தாரு. நான் போவல. அது நெசம். காது கேக்கலன்னு சொல்லி என்ன தப்பிக்க விடாதீங்க." சாக்கை எடுத்து மீண்டும் தைக்கத் தொடங்கினார். "ஒரு சாமி சொன்னத இன்னொரு சாமி மாத்துனா, அப்பறம் எந்தச் சாமி சொன்னது செல்லும்?"

போன காரியம் கெட்டதுதான் மிச்சம். முன்பு அவருக்கு ஒரு கதவுதான் சாத்தியிருந்தது. நான் போய்வந்த பிறகு, இத்தனை காலம் காத்திருந்ததற்கும் அர்த்தமில்லாமல் போயிற்று.

அப்போது எங்கள் பங்குச் சாமியார் மரியதாஸ் சாமி. திருச்சபைச் சட்டம் படித்தவர். ஒல்லியான, சிரிக்காத மனிதர். யாராவது ஏதாவது சொல்ல வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், அவர்கள் போன பிறகுதான் கட்டுவார். கருத்துச் சொன்னால் பிடிக்காது. நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். அவரிடம் இஞ்ஞாசியின் அனுமதியோடு வந்திருக்கிறேன் என்று தொடங்கினேன். அனுமதியை எப்போது, எந்தச் சொற்களில் கொடுத்தார் என்று கேட்டார். "சாமிகிட்ட வேணும்னா சொல்லிக்குங்க, ஒண்ணும் ஆவாது" என்று அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். தலையசைத்தார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அவரு ரொம்ப மனசு நொந்துபோயி..." என்றேன்.

"நீங்க நெனைச்சது வேணாம். அவரு சொன்னது என்ன?"

"காது கேக்கலன்னு சொல்லி என்ன தப்பிக்க விடாதீங்கன்னாரு சாமி."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீங்க அவருக்குக் கேஸ் தள்ளுபடி வாங்கிக் குடுக்கப் போயிருக்கீங்க உபதேசியாரே. அவரு குத்தவாளிதான்னு அவருக்குத் தெரியும். தள்ளுபடி பண்ணுனா, மன்னிக்கிறதுக்கு அங்க என்ன இருக்கு? மன்னிப்பு குத்தவாளிக்குத்தான்." என் பக்கம் திரும்பி, "எங்க இருப்பாரு?" என்றார்.

"அறுத்தாச்சு சாமி. கொள்முதல் நிலையத்துல நெல்லக் கொட்டிட்டு மொறைக்குக் காத்திருக்காரு. அத விட்டுட்டு வர மாட்டாரு."

"அவர யாரு வரச் சொன்னது? வண்டிய எடுங்க."

பிற்பகல் வெயிலில் நிலையம் முழுக்க நெல் குவியல்கள். ஒவ்வொரு குவியலுக்கும் பக்கத்தில் ஓர் ஆள், குடை, தண்ணீர் பாட்டில். ஈரப்பதம் அதிகம் என்று இஞ்ஞாசியின் நெல்லைத் திருப்பியிருந்தார்கள். காலால் கிளறிக் காயவிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளை அங்கியோடு சாமி என் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து இறங்கியதும் எல்லோரும் எழுந்தார்கள்.

"என்ன உபதேசியாரே, சாமியும் நெல்லுப் போட வந்துட்டாரா?" என்றார் பக்கத்துக் குவியல் கோவிந்தராசு. எல்லோரோடும் ஒட்டிப் பழகுகிற, எல்லா ஊர்த் தேருக்கும் வடம் பிடிக்கிற மனிதர்.

"பாவசங்கீர்த்தனம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"அதுக்கும் ஈரப்பதம் பாப்பாங்களா?"

"பாக்க மாட்டாங்கன்னுதான் சாமி வந்திருக்காரு. வாங்க, டீ சாப்புடுவோம்."

தொட்டி இல்லாத இடத்தில் நான்தான் தொட்டி. ஆட்களை அந்தப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு நின்றேன். சாமி அங்கிப் பையிலிருந்து ஊதா நிறத் தோள்துகிலை எடுத்து முத்தமிட்டுப் போட்டுக்கொண்டு, நெல் குவியலின் ஓரத்தில் தார்ப்பாயில் உட்கார்ந்தார். இஞ்ஞாசி முதலில் நின்றார். கை ஆட்டி ஏதோ மறுத்தார். சாமி அவரைப் பேசவிட்டார். கடிகாரத்தைக் கழற்றியதைப் பார்த்தேன். பிறகு இஞ்ஞாசி நெல்லின் மேலேயே முழந்தாளிட்டார். குரல் எங்களுக்குக் கேட்கவில்லை. கேட்கும் போலிருந்தால் செபமாலை தொடங்கலாம் என்றிருந்தேன். கோவிந்தராசு எனக்குப் பதில் சொல்லவும் தயாராக இருந்தார். தேவைப்படவில்லை. இஞ்ஞாசியின் தோள்கள் மட்டும் குலுங்கின. சாமி அவர் தலையில் கை வைத்தார். அந்தக் கை வெகுநேரம் அங்கேயே இருந்தது.

அபராதம் என்றொரு சொல் எங்களிடம் உண்டு. பாவப் பொறுத்தலுக்குப் பிறகு சாமியார் சொல்லச் சொல்லும் செபத்துக்கு அதுதான் பழைய பெயர். குளத்தில் மாடு இறங்கினால் பஞ்சாயத்து போடுவதற்கும் அதே பெயர்தான். அதனால் வந்த குழப்பத்தை நான் வாழ்நாள் முழுக்க வகுப்பெடுத்தும் தீர்க்க முடியவில்லை. இஞ்ஞாசி எழுந்து என்னைப் பார்த்து வந்தார். கண் சிவந்திருந்தது. முகத்தில் கோபம்.

"உபதேசியாரே, ஒண்ணே ஒண்ணு. ஒரே ஒரு 'அருள் நிறைந்த மரியே'. அவ்வளவுதான் அபராதமாம்."

"குறைச்சலா இருக்கா?"

"கூடப் பொறந்தவன்யா. ஒரு மந்திரந்தானா?"

சாமி பின்னாலேயே வந்தார், கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு. "கூடக் குடுத்தா அதையும் நீங்க சாவுற வரைக்கும் தூக்கிக்கிட்டுத் திரிவீங்க," என்றார். "அந்தக் கடனத் தீக்கிறது ஒங்க வேல இல்ல. அத ஒருத்தரு சிலுவையில தீத்துட்டாரு. சும்மா வாங்கிக்குங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்."

இஞ்ஞாசி என்னைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார், நெல்லின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். முதலில் சிரித்தார் என்றுதான் நினைத்தேன். கோவிந்தராசு டீயைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்துவிட்டு, இருவர் நெல்லையும் சேர்த்துக் கிளறிக்கொண்டிருந்தார்.

அண்ணன் வீட்டுக்குப் போகும்படி சாமி அவரிடம் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் இதை நிபந்தனையாக்கிக் கதை கட்டினார்கள். அவராகத்தான் போனார், கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு. சூசையின் விதவை லூர்து மேரி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாராம். நிமிர்ந்து பார்த்து, "வழி தெரிஞ்சிச்சா?" என்றாராம்.

"மன்னிச்சிருங்க அண்ணி."

"ஒங்க அண்ணன் கடைசி வரைக்கும் ஒங்களத் திட்டிக்கிட்டேதான் செத்தாரு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்." துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். "செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க. கொழம்பு சுண்டிப்போயிருக்கு, மோரு இருக்கு."

இஞ்ஞாசி அதைச் சொல்லும்போதெல்லாம், மோர் புளித்திருந்தது என்பதையும் விடாமல் சொல்வார்.

கல்யாணம் சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் நடந்தது. நற்கருணை நேரத்தில் நான், அப்பம் தரையில் விழாமல் ஏந்தும் தட்டைப் பிடித்துக்கொண்டு சாமிக்கு வலப்பக்கம் நின்றேன். மணமக்கள் வாங்கினார்கள். பையனைப் பெற்றவர்கள் வாங்கினார்கள். அடுத்து இஞ்ஞாசி, புது வேட்டி சட்டையில். அவர் கடைசியாக நன்மை வாங்கிய காலத்தில் பீடத்துக்கு முன்னே கிராதி இருந்தது, எல்லோரும் முழந்தாளிட்டு வாங்கினார்கள். இப்போது கிராதி இல்லை, நின்றுகொண்டு கையில் வாங்குகிறோம். நின்று வாங்குவதை அவர் பார்த்ததே இல்லை. இந்த நேரத்தில்தான் அவர் வெளியே நிற்பாரே. நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், கல்யாண அமளியில் விட்டுப்போயிற்று. அவர் மொத்த வரிசையையும் நிறுத்திவிட்டு, வெறுந்தரையில் முழந்தாளிட்டு, கண்ணை மூடி, நாக்கை நீட்டினார்.

பின்னால் முணுமுணுப்பு. எழுந்திருங்கள் என்று முழங்கையைத் தொட்டு எழுப்புவதுதான் என் வேலை. தட்டை அவர் தாடைக்குக் கீழே கொண்டுபோனேன்.

மரியதாஸ் சாமி குனிந்தார். "கிறிஸ்துவின் உடல்," என்றார்.

ஆமென் என்று சொல்ல வேண்டும். அது இஞ்ஞாசிக்கு மறந்துவிட்டதோ என்னவோ. வாய் இரண்டு தரம் அசைந்தது. பிறகு கோவில் முழுக்கக் கேட்கும்படி, "சரிங்க சாமி," என்றார்.

யாரோ ஒரு பையன் சிரித்தான். ஸ்டெல்லா கல்யாணப் புடவையோடு திரும்பி வந்து, அப்பாவின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். முழங்கால் வலியில் அவர் உடனே எழ முடியவில்லை. எழுந்த பிறகு, பழக்கத்தில் வாசலைப் பார்த்து இரண்டடி நடந்தார். அவள் கையை விடவில்லை.